பத்தடி வித்தியாசம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மோட்டார் போட்டேன். மொட்டைமாடி டேங்க் நிரம்பி வழிந்தது. இறங்கி வந்து ஷவரைத் திறந்தால் வழக்கம்போல மூக்கொழுகல். சீயக்காய் கண்ணில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டே சொம்பைத் தேடி, ஒரே நாசம்.

அதே நேரம் கீழ் வீட்டில் சு. குளிக்கிறாள். ஷவர் சத்தம் ஜன்னல் வழியாக மாடி வரைக்கும். கூடவே பாட்டு வேறு.

(சு. = சுமதி. கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி. முழுப்பெயர் எழுத இன்று கை வரவில்லை.)

ஒரே டேங்க், ஒரே போர் தண்ணீர், ஒரே சைஸ் குழாய். அவளுக்கு மட்டும் கொட்டுகிறது. இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். ஒரம்பரை, விருந்தாளி யார் வந்தாலும் கீழேயே காபி, கீழேயே முறுக்கு, கீழேயே சிரிப்பு. மாடிக்கு வந்து "சௌக்கியங்களா" என்று கேட்டுவிட்டு உடனே செருப்பைத் தேடுவார்கள். அத்தையும் (மாமியார்) கீழேதான். முழங்கால் வலி, படி ஏற முடியாது. சரி, அது நிஜம்தான்.

ஆபீஸ். பம்ப் கம்பெனியில் நான் அடிக்கிற லேபிளில் 'ஹெட்' என்று ஒரு கட்டம் உண்டு. இருபது மீட்டர், முப்பது மீட்டர் என்று வருஷக்கணக்காக அடித்துத் தள்ளுகிறேன். அது என்ன ஹெட்டு என்று இன்றைக்குத்தான் டெஸ்டிங் பிரிவில் கேட்டேன். "தண்ணி நிக்கிற ஒசரம்ங்க மேடம். ஒசரந்தானுங்க பிரஷரு."

உயரம்தான் அழுத்தம். இவ்வளவுதானா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஸ்டாப்பைத் தவறவிட்டு நடந்து வந்தேன்.

வாங்க: உளுந்து, பினாயில், கேஸ் கீசருக்கு பேட்டரி.

மார்ச் 5, புதன்

புழுக்கம். ராத்திரிக்கு ரசம் மட்டும்.

பரணில் என் பெண் பாப்பாவின் பழைய ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் கிடைத்தது. பாதி புரிகிறது. புரிந்தவரை:

– தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது.
– டேங்க் பெரிசா சின்னதா, ஒன்றுமே இல்லை.
– டேங்குக்கு என் ஷவர் சுமார் ஆறடி கீழே. சு.வின் ஷவர் பதினாறு அடி கீழே.

ஆக அவளுக்குப் பத்தடி கூடுதல். மாமனார் பாகம் பிரிக்கும்போது "பெரியவனுக்கு மேல, சின்னவனுக்குக் கீழ" என்றார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது எனக்கு. மாடி என்றால் உசத்தி என்று நினைத்தேன். மடச்சி.

மத்தியானம் பாப்பா பெங்களூரிலிருந்து போன். வளைகாப்பு முடிந்து இருபத்திரண்டாம் தேதி அழைத்து வருகிறோம். தலைப்பிரசவம். என் பெண், என் வீடு, என் கை. மாடி உள் அறைக்குப் புதுத் திரைச்சீலைகூடத் தைத்தாகிவிட்டது. அவள் சொல்கிறாள்:

"அம்மா, கோவிச்சுக்காத. நான் கீழ சித்தி வீட்லயே இருந்துக்கட்டுமா? மேல ஷவரும் வராது, கீசரும் பத்திக்காது. இந்த வயித்த வெச்சுக்கிட்டு பக்கெட்டுல குனிஞ்சு எப்படிம்மா குளிக்கறது?"

"பார்க்கலாம் கண்ணு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இவரிடம் சொன்னால், "கீழ்ஊடும் நம்மூடுதானே, அம்மணி" என்கிறார். இவருக்கு எல்லாமே நம்மூடுதான்.

பாப்பா எங்கே இருக்கக் கேட்டிருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது. சு. வீட்டில்!

மார்ச் 7, வெள்ளி

பிளம்பர் ஆறுமுகம் வந்தார். அண்ணாந்து டேங்கைப் பார்த்தார். "இது சின்ன டேங்குங்க. ரெண்டாயிரம் லிட்டர்ல பெருசாப் போட்டுருங்க. எடை எச்சானா பிரஷர் தானா எச்சாகும்." கொழுந்தனார் தலையாட்டினார். இவரும் தலையாட்டினார்.

நான்: "எடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. உயரம்தான்."

காற்றிடம் சொன்னேன். மூன்று ஆண்களும் டேங்க் என்ன கலர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கறுப்பு டேங்கில் தண்ணீர் கொதிக்கும், வெள்ளை வாங்கலாம் என்று முடிவாம்.

மார்ச் 9, ஞாயிறு

லேசாக மேகம். வீட்டுப் பின்கட்டில் சோதனை.

இருபது லிட்டர் வாட்டர் கேன் ஒன்று, ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று. ரெண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர்; மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரே ஊசியைக் காய்ச்சி ஓட்டை. ரெண்டையும் துவைக்கிற கல்லின் மேல் வைத்து விரலை எடுத்தேன். ரெண்டு பீய்ச்சலும் ஒரே இடத்தில் போய் விழுந்தது! கேனில் அவ்வளவு தண்ணீர், பாட்டிலில் இவ்வளவுதான். விழுந்த இடம் ஒன்று. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தில் படிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

அத்தை: "தண்ணியில்லாத காலத்துல என்ன வெளையாட்டு அம்மணி இது?"

இவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "ம்" என்றார். கொழுந்தனார் போனில்.

சு. மட்டும்தான் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஓட்டையை விரலால் அடைத்து, விட்டு, மறுபடி அடைத்து. "அட ஆமாங்க்கா! சூப்பருங்க்கா! அப்ப பெரிய டேங்க் வாங்குனா தண்டமாப் போயிருக்குமே. ஏனுங்க, போன வெச்சுட்டு இங்க வாங்க. அக்கா சொல்றதுதான் சரி. டேங்க ஒசத்தி வெச்சாப் போதும்."

உடனே எல்லாரும் வந்தார்கள். உடனே எல்லாருக்கும் புரிந்தது. கொழுந்தனார், "சுமதி சொல்ற மாதிரி ஸ்டேண்டு அடிச்சுருலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுமதி சொல்கிற மாதிரி!

ஓட்டை போட்டது நான். கை சுட்டுக்கொண்டது நான். புத்தகத்தைத் தூசி தட்டித் தும்மினது நான். பாராட்டுகிறாளே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. அவள் பாராட்டினால்தான் என் பேச்சு இந்த வீட்டில் பேச்சு.

மார்ச் 12, புதன்

ஹார்டுவேர் கடையில், அழுத்தம் காட்டுகிற பிரஷர் கேஜ் வாங்கினேன். "கம்பெனிக்குங்களா?" என்றார் கடைக்காரர். "வீட்டுக்கு" என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்.

பாத்ரூம் குழாயில் மாட்டினேன். முள் ரெண்டாம் கோட்டில். உப்பு வாங்குகிற சாக்கில் கீழே போய், சு. அடுப்படியில் இருக்கும்போது அவள் பாத்ரூம் குழாயிலும் மாட்டிப் பார்த்தேன். அஞ்சு கோடு.

அவள் சோப்பு வாசனைகூட நல்ல வாசனை. எந்தக் கடையில் வாங்குகிறாளோ. கேட்கமாட்டேன்.

மார்ச் 15, சனி

ஸ்டேண்டு வந்துவிட்டது. வெல்டிங் பட்டறைக்காரர் ரெண்டு பேர், கிரேன் இல்லாமல் கயிறு கட்டியே ஏற்றினார்கள். டேங்க் இப்போது எட்டடி உயரத்தில். அதன் அடியிலிருந்து ரெண்டு குழாய் இறங்குகிறது. ஒன்று எங்களுக்கு, ஒன்று கீழே. ஒவ்வொன்றிலும் பழைய பித்தளை வால்வு, சிவப்புக் கைப்பிடி.

அஞ்சு மணிக்கு ஷவரைத் திறந்தேன். அப்பா! முதுகில் பொதபொதவென்று. கேஸ் கீசர் 'டப்'பென்று தானாகப் பற்றிக்கொண்டது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சின்னப் பெண் மாதிரி ரெண்டு தரம் குளித்தேன். வெளியே வந்து இவரிடம், "பார்த்தீங்களா, உயரம்!" என்றேன். "கரண்ட் பில் எச்சா வருமா?" என்றார்.

பாப்பாவுக்கு போன் போட்டு ஷவர் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "சூப்பர்மா" என்றாள். அறைக்குப் புது பெட்ஷீட் போட்டேன். இந்த வருஷத்தின் நல்ல நாள்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றைய சந்தோஷம் காலி.

காலையில் சு. மாடிக்கே ஏறி வந்தாள். தலையில் ஈரத் துண்டு, கையில் சூடாகப் பணியாரம். "அக்கா, உங்க புண்ணியத்துல கீழ ஷவர் ஊசி மாதிரி குத்துதுங்க! கழுத்து வலியே போயிருச்சு போங்க!"

கடித்த பணியாரத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

கேஜை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு நாலரைக் கோடு. அவளுக்கு ஏழரை. ஆமாம், டேங்கை ஏற்றினால் எனக்கும் எட்டடி ஏறும், அவளுக்கும் எட்டடி ஏறும். என் புத்திக்கு இது ஏன் முன்னாடியே எட்டவில்லை? என் பாத்ரூமை மட்டுமே நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன். இருபதடி ஏற்று, மருதமலை உச்சியில் கொண்டுபோய் வை, அந்தப் பத்தடி வித்தியாசம் மட்டும் போகவே போகாது. ஏழரை என்று வந்தது அவளுக்கு, பிடித்தது எனக்கு.

என் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏன் வயிறு எரிகிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவளுக்கு அதிகமாக வருவதால்தான். வேறு காரணம் இல்லை. யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

வெயில். ஆபீஸில் லேபிள் மெஷின் ரிப்பேர். சும்மா உட்கார்ந்திருந்தேன். வால்பாறை போனபோது பார்த்த பவர் ஹவுஸ் குழாய்கள் ஞாபகம் வந்தது. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை யானைத் துதிக்கை மாதிரி இறங்கியிருக்கும். மேலே சும்மா தேங்கி நிற்கிற தண்ணீர், கீழே வந்து சக்கரத்தைச் சுற்றி ஊருக்கே விளக்குப் போடுகிறது. அன்றைக்கு எல்லாரும் அந்தக் குழாய் முன்னாடி சு.வோடுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாப்பாவும்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பாப்பா போன். "அம்மா, சித்தி வீடியோ கால்ல காமிச்சாங்க. கீழ இன்னும் செமயா வருதே! படியும் ஏற வேண்டாம். நான் கீழயே இருந்துக்கறேனே. நீதான் தினம் கீழ வருவியே."

நான் தினம் கீழே போய் என் பெண்ணை விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டு வர வேண்டுமாம். வீடியோ காலில் ஷவரைக் காட்டவேண்டிய அவசியம் என்ன சு.வுக்கு?

மார்ச் 19, புதன்

செய்துவிட்டேன்.

துணி காயப்போடப் போனவள், சுற்றும் பார்த்துவிட்டு கீழ் வீட்டு வால்வைத் திருகினேன். முழுசாக மூடவில்லை. ஒரு ஆச்சரியம்: கைப்பிடியை முக்கால்வாசி திருகும் வரை கீழே ஷவர் சத்தத்தில் மாற்றமே இல்லை. கடைசிச் சுற்றில்தான் சட்டென்று அடங்குகிறது. இன்னொன்று: திருடன் மாதிரி மெதுவாகக் கீழே போய் மூடின குழாயில் கேஜ் மாட்டினால் அதே ஏழரைக் கோடு! தண்ணீர் நிற்கும்போது அழுத்தம் குறைவதில்லை. ஓடும்போதுதான் குறைகிறது. கேஜைப் பார்த்தால் ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது?

சாயங்காலம் சு. குரல்: "ஏனுங்க, தண்ணி நூலாட்ட வருதுங்க."

கொழுந்தனார்: "உப்பு அடைச்சிருக்கும். பாக்கலாம்."

காதுக்கு இனிமையாக இருந்தது. ரெண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

மார்ச் 22, சனி

பாப்பா வந்துவிட்டாள். ஆரத்தி எடுத்தேன். கன்னம் பூசி, வயிறு இறங்கி, நடையே மாறியிருக்கிறது. பைகளைக் கீழ் வீட்டு வாசலில் வைத்தாள்.

சு.தான் சொன்னாள். "பாப்பா, நீ மேலயே இருந்துக்க கண்ணு. இங்க தண்ணியே வாரதில்ல. மேல நல்லா வருது. அம்மா உனக்குன்னு ரூமெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்காங்க." பையைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

பாப்பா குளித்துவிட்டு வந்து, "நெசமாவே நல்லா வருதும்மா" என்றாள். தலை துவட்டிவிட்டேன். மடியில் தலைவைத்துத் தூங்கினாள். வயிற்றில் குழந்தை உதைத்ததைக் கை வைத்துப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

பாப்பாவுக்குப் பிடித்தது: கொள்ளுப் பருப்பு, அரிசியும் பருப்பு சாதம், வெண்டைக்காய் வேண்டாம்.

அவள் இங்கேதான் தூங்குகிறாள், இங்கேதான் சாப்பிடுகிறாள். மற்ற நேரமெல்லாம் கீழே. சிரிப்புச் சத்தம் வரும். நான் எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். "என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?" என்றால், "சும்மாம்மா."

என்னிடம் பேசினால் மருந்து போட்டாயா, டாக்டர் என்ன சொன்னார், மாப்பிள்ளை ஏன் போன் பண்ணவில்லை என்று நான்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தெரிகிறது. நிறுத்த முடியவில்லை.

சு. வாசல் அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமக்கிறாள். அத்தையைக் குளிப்பாட்ட ரெண்டு பக்கெட், பாத்திரத்துக்கு ரெண்டு. இடுப்பில் கை வைத்து நின்றதைப் பார்த்தேன். இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன்தான்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் பால்கனியிலிருந்து பார்க்கிறேன். பாப்பா, அந்த வயிற்றோடு, அரை பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கீழ் வீட்டு வாசல்படி ஏறுகிறாள்! சித்திக்கு இடுப்புப் பிடிப்பாம். "அரை பக்கெட்தானேம்மா" என்கிறாள்.

பக்கெட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். வால்வைத் திறக்கத் திருகினேன். சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் வரவில்லை. இந்தப் பக்கம் சுற்றினாலும் சும்மா சுற்றுகிறது, அந்தப் பக்கமும் அப்படியே. இப்போது கீழே நூல்கூட இல்லை, சுத்தமாக நின்றுவிட்டது. வெயிலில் நின்று அழுதேன். ஆறுமுகத்துக்கு நானே போன் போட்டேன். நாளைக் காலை வருகிறாராம். அதுவரை கீழ் வீட்டுக்கு எல்லாத் தண்ணீரையும் நானே எடுத்துக் கொடுத்தேன். சு. "எதுக்குங்க்கா உங்களுக்குச் செரமம்" என்று ஒவ்வொரு பக்கெட்டுக்கும் சொன்னாள்.

நாளை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது. முடிவு.

மார்ச் 29, சனி

ஆறுமுகம் வால்வைக் கழற்றினார். மொட்டைமாடியில் எல்லாரும். பாப்பாவும் மெதுவாக ஏறி வந்துவிட்டாள்.

"உப்புல அரிச்சு உள்ள தகடு கழண்டு உழுந்துருச்சுங்க. தொறந்தபடியே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. யாரோ மூடியிருக்கறாங்க. யாருங்க மூடுனது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள்,

"நாந்தானுங்ணா" என்றாள் சு. "டேங்க் கழுவலாம்னு வந்து மூடுனேன். அப்பறம் மறந்துபோட்டேன்."

அவள் டேங்க் கழுவ வந்ததே இல்லை. கொழுந்தனார் பிடித்துக்கொண்டார். "உனக்கு ஏதாச்சும் இருக்குதா? அம்மா குளிக்கத் தண்ணியில்லாம இத்தன நாளா! புள்ளத்தாச்சி பக்கெட் தூக்கியிருக்கறா!" சு. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவளைத் திட்டாதீங்க" என்றேன். "மூடினது நான். நான்தான் மூடினேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். சு. சிரித்துவிட்டாள். "பாருங்க, எனக்குத் திட்டு உழுகுதுன்னு அக்கா பழியத் தம்மேல போட்டுக்கறாங்க!"

கொழுந்தனார் அடங்கிவிட்டார். "அண்ணிக்கு இருக்கற மனசு யாருக்கு வரும்" என்றார். இவர் என்னைப் பார்த்த பார்வை! கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. விஷயம் கீழே அத்தைக்கும் போய், "பெரியவ பெரியவதான்" என்று வாசலில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

அதுவும் அவள் கொடுத்தது.

பாப்பா மட்டும் கழற்றிய வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். புது வால்வு மாட்டி கீழே தண்ணீர் வந்ததும், சாயங்காலம் தலையணையையும் துணிப் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கண்ணு?"

"கீழ இருந்துக்கறேம்மா. படி ஏற முடியல."

காலையில் மொட்டைமாடி வரைக்கும் ஏறினாளே.